கட்டைவிரல் பதிந்த கட்டி

என் ராஜ்ஜியத்தின் ஒரே மகாராணிக்கு, உன் பட்டத்து யானை எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் மலை போல இருக்கிறேன். மலைக்குக் கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் சோதனைக்கூடத்தில் சுண்ணாம்புக்கல் பொடி சேர்த்த சிமெண்ட் கட்டிகளை, சல்ஃபேட் உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காகக் குளிர்பெட்டிக்குள் ஊறவைத்து, தாங்குகின்றனவா என்று பார்ப்போம் எனச் சொல்லியிருக்கிறேனே. போன வாரம் ஒன்றைத் தூக்கினேன். மூலை பொலபொலவென்று உதிர்ந்தது. மேலாளர் வானம் இடிந்தது போலக் கத்தினார்.

"கை தவறி உடைச்சிட்டீங்க. இதைக் கணக்குல சேர்க்காம விடுங்க."

ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்கான கலவை அது. அங்கே மண்ணெல்லாம் இதே உப்பு. கலவை தோற்றதை மறைக்க என் கையையா குறை சொல்வது? நம் மகள் பிறந்தபோது அவளைக்கூட நான் இத்தனை பதமாகத் தூக்கியதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குளிர்பெட்டியில் சோறு வடித்திருக்கலாம்.

"நான் உடைக்கல சார். அடுத்ததை நீங்களே எடுங்க."

எடுத்தார். அவர் கட்டைவிரல் கட்டிக்குள், பிசைந்த மாவில் இறங்குவது போல இறங்கிவிட்டது. கலவையை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் கட்டுமரத்தில் வந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது.

நீ பயப்படாதே. அந்தத் தண்ணீரில் என் விரல்கள் கொஞ்சம் வெடித்திருக்கின்றன, அவ்வளவுதான். யாராவது வந்தால் நீ முழங்காலுக்குத் தடவும் எண்ணெயில் ஒரு புட்டி கொடுத்தனுப்பு. இங்கேயும் எண்ணெய் கிடைக்கும். இருந்தாலும் அனுப்பு. மூடியை நீயே இறுக்கு, வேறு யாரிடமும் கொடுக்காதே. திறக்க நான் திணற வேண்டும்.

தண்ணீர் மாற்றக் கூப்பிடுகிறார்கள்.

உன் யானை