படத்தில் இல்லாத பொட்டு

பதுளை பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம் வந்துவிட்டது. என் மகள் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டாள். புதிதாகப் படம் எடுக்கப் போயிருந்தோம். படம் எடுக்கிறவர் ஈரத் தாள் ஒன்றை நீட்டி, "பொட்ட எடுத்துடுங்க, காது ரெண்டும் தெரியணும், சிரிக்க வேணாம்" என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் துடைத்துவிட்டுப் போய் நின்றாள். நீ இருந்திருந்தால் அந்த மனிதரைக் காரணம் கேட்டுக் கேட்டே ஒரு வழி பண்ணியிருப்பாய்.

உன்னைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் கண்டதில்லை. கடையில் பருப்பு வாங்கினால் அங்கேயே பையைப் பிரித்துப் பார்ப்பாய். பூசாரி திருநீறு கொடுத்தால்கூட முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பாய். பிள்ளைக் காம்பராவில் நான் ஆயாவாக இருந்த காலத்தில், உன் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவாய். அப்போதும் பால் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவாய். எனக்குக் கோபம் வரும். அடுத்த நிமிடம் சிரிப்பும் வரும்.

அப்படிப்பட்ட நீ, ஓட்டுப் போடப் படம் போட்ட அட்டை கட்டாயம் என்று சட்டம் வந்தபோது சந்தோஷப்பட்டாய். அதற்குக் காரணம் இருந்தது. உன் மாமியாரின் கருமாதி முடிந்த பிறகு வந்த ஒரு தேர்தலில், அந்த அம்மாவின் பெயரில் யாரோ போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். செத்தவரைக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று நீ லயத்து வீட்டு வரிசையே கேட்கும்படி திட்டித் தீர்த்தாய்.

நான் அந்தச் சட்டத்தை நம்பவில்லை. நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் அப்போது பாதிப் பேரிடம் அட்டை கிடையாது. பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. தோட்ட ஆபீசில் கையெழுத்து வாங்க வேண்டும். அது கிடைத்தால் அடுத்து கிராம சேவகர் இன்னொன்று கேட்பார். தொழிற்சங்கத் தலைவருக்கு வேண்டியவன் வீட்டுக்கு மட்டும் அட்டை சீக்கிரம் வந்து சேரும். குழாயடியில் நின்று நாம் இதற்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம்!

"கார்டு யாருக்குக் குடுக்கலாம்னு ஆபீஸ்ல ஒக்காந்திருக்கவன் முடிவு பண்ணுவான். அப்பறம் ஓட்டும் அவன் போட்ட மாதிரிதானே?" என்று நான் கேட்டேன். "இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கார்டு எதுக்குடி?"

"தெரியும்ங்கிறதுதான்டி எனக்குப் பயமா இருக்கு" என்றாய் நீ.

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. தெரிந்தவர்கள் நடுவில் என்ன பயம் என்று நினைத்தேன்.

உனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைப்பதற்குள்ளேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அட்டைக்குப் படம் எடுக்க நாம் மூவரும்தான் பதுளைக்கு பஸ் ஏறினோம், நீயும் உன் வீட்டுக்காரரும் நானும். பொட்டை அழிக்கச் சொன்னதும் நீ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாய். உன் வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே, "நான்தான் குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கிறேன்ல, அப்பறம் என்ன?" என்று சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் தானே துடைத்துவிட்டார். படம் எடுத்த கையோடு குங்குமத்தையும் அவரே வைத்தார். உனக்கு வெட்கம் தாங்கவில்லை. அட்டையில் வந்த முகம் மட்டும் யாரோ ஒரு நோயாளிப் பெண்ணுடையது போல இருந்தது.

அந்த அட்டையோடு நீ போட்ட முதல் ஓட்டை நான் மறக்க மாட்டேன். அன்று காலைதான் பதுளை ஆஸ்பத்திரியில் உன் வீட்டுக்காரருக்கு ஆப்பரேசன். நீ அங்கே போய் நிற்க வேண்டியவள். அவர்தான், "ஓட்டப் போட்டுட்டு வா, நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். கோயிலில் வேண்டிக்கொண்டு, வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்து வந்திருந்தாய்.

தோட்டப் பாடசாலையில் வரிசை நகர்ந்தது. உன் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்போது கட்சி ஏஜன்டுகள் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையிலிருந்து ஒருவன் எழுந்தான். மேல் லயத்துக்காரன், தீபாவளிக்குத் தீபாவளி உன் வீட்டில் சாப்பிட்டவன். "படத்துல இருக்கிறது இவங்க மாதிரி தெரியல" என்றான். அவன் கட்சிக்கு நீ போட மாட்டாய் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். உன்னைத் தெரியாமல் அவன் சந்தேகப்படவில்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் சந்தேகப்பட்டான்.

பொறுப்பதிகாரி ஒரு சிங்கள அம்மா, நல்ல மாதிரிதான். படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தப் பொட்ட கொஞ்சம் தொடைங்க, பார்க்க" என்றார். அவருக்கு நம் வழக்கம் தெரியாது. அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றான்.

அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர், இங்கே உன் நெற்றியில் அந்தக் குங்குமம். திரும்பிப் போய்விடுவாய் என்றே நினைத்தேன். நீ அந்த அம்மாவைத் தாண்டி அவனுக்கு நேரே போய் முகத்தை நீட்டினாய்.

"சந்தேகம் ஒனக்குத்தானே தம்பி? நீயே வந்து அழி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கை மேசை விளிம்பை விட்டு அசையவில்லை. அந்த அதிகாரி அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, உன் சுண்டு விரலில் மை வைத்து ஓட்டுச் சீட்டைக் கொடுத்தார். வெளியே வந்த பிறகுதான் நீ அழுதாய். மை காயாத விரலோடு பஸ்ஸுக்கு ஓடினாய்.

உன் வீட்டுக்காரர் பிழைத்து வந்தார். இன்றும் நன்றாக இருக்கிறார். நீதான் அவசரக்காரி, முந்திக்கொண்டாய். உன் பாடையைத் தூக்கியவர்களில் அந்த ஏஜன்டும் ஒருவன். தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகையை நம்பலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ இருந்தால் உடனே சொல்லியிருப்பாய்.

இப்போது கைரேகை பதித்த புது அட்டை வரப்போகிறதாம். மகள் நல்லது என்கிறாள். நம் ரேகையை யார் எங்கே வைத்திருப்பார்கள் என்று கேட்டால், "அம்மா, நீங்களும் அந்த ஆன்ட்டி மாதிரியே ஆயிட்டீங்க" என்கிறாள். ஆகிவிட்டேன்தான்.

என் ஓட்டு இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது. போன தேர்தலுக்கு அங்கே போனேன். அதே பாடசாலை, ஏஜன்ட் வாங்கில் அதே ஆள், மீசை மட்டும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, வாயெல்லாம் பல்லாக அதிகாரியிடம், "இவங்கள நமக்கு நல்லாத் தெரியும் சார், கார்டெல்லாம் பாக்க வேணாம்" என்றான். குழாயடியில் நீ சொன்ன பயம் எனக்கு ஞாபகம் வந்தது.

பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

"தெரியாதுன்னே நெனச்சுக்கங்க தம்பி. நல்லாப் பாருங்க."

அவன் பார்த்து முடிக்கும்வரை நான் கையை இறக்கவில்லை.