அடுப்பு மூட்டியது யார்

1986 ஜனவரி 8, ஓல்டன்

இன்றும் பூஞ்சணம். பக்கத்து ஊர் நீதிமன்றத்தின் நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்ததால் எனக்குக் கிடைத்த வேலை இது: பழைய வழக்குக் கட்டுகளைத் தூரிகையால் தட்டிக் காயவைப்பது. கொலை, கொள்ளை இருக்கும் என்று ஆசையோடு போனேன். எல்லாம் சில்லறை வழக்குகள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் பன்றியைக் குளிப்பாட்டியவன். காவல்காரனை வாத்து என்று சொன்னவன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க நேரத்தில் விறகு கொத்தியவன். அந்தக் காலத்து எழுத்து எனக்குக் கோழி கிளறிய மாதிரி. பொறுப்பாளர் அம்மா ஃபிராவ் ஹுன்சிக்கர்தான் தேநீர் நேரத்தில் வாசித்துக் காட்டுவார், தானே முதலில் சிரிப்பார். எங்கள் ஊர் வேலிச் சண்டைகளைச் சொன்னேன். ஒரு சாண் நிலத்துக்கு இரண்டு தலைமுறை வழக்காடுவதை அவர் நம்பவில்லை.

ஜனவரி 10

இன்று, தேவாலய எழுத்தர் தலையில் சூப்பை ஊற்றிய ஒருத்தி. பெயர் என்ன என்று கேட்டேன். "சப்பாத்துத் தைக்கும் யாக்கோப்பின் மனைவி" என்று மட்டும்தான் இருக்கிறதாம். ஊற்றியவளுக்குப் பெயர் இல்லை. ஊற்றாத யாக்கோப்புக்கு இருக்கிறது!

ஜனவரி 14

பொங்கல். எழுதவே கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மின்சார அடுப்பில் பொங்குவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. விடிய எழும்பி, வீட்டின் பின்முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, நானே நெருப்பு மூட்டினேன். சூரியன் எங்கே? ஓல்டன் பனிப்புகாரில் எதிர்வீடே தெரியவில்லை. இவர் திசைகாட்டி வைத்துக் கிழக்கைக் கண்டுபிடித்தார். பால் பொங்கி வழியும் நேரம், "பொங்கலோ பொங்கல்" என்று நாங்கள் கத்த, மேல்மாடிக் கிழவர் யன்னலைத் திறந்து தானும் கத்தினார். அவர் கத்தியது வேறு. தீயணைப்பு வண்டி வந்தது. குழாயைப் பிடித்தார்கள். பானை, அரிசி, கோலம், இவருடைய வேட்டி, எல்லாம் நனைந்தது. அதிலும் ஒருவன் பானைக்குள் எட்டிப் பார்த்து, பிறகு இன்னொரு தரம் தண்ணீர் அடித்தான்.

பெப்ரவரி 3

நீதவான் முன் வரச்சொல்லிக் கடிதம். நெருப்பு மூட்டியவர் யார் என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் அகதி விண்ணப்பம் தலைநகர் பெர்னில் கிடக்கிறது. இப்போது பெயரில் ஒரு வழக்கு விழுந்தால்?

சிவநேசன் அண்ணை வந்தார். எங்களுக்கு முன்னமே வந்து வதிவிட அனுமதி எடுத்தவர், எங்களுக்கு மொழிபெயர்ப்பவரும் அவர்தான்.

"தங்கச்சி, நான்தான் மூட்டினனான் எண்டு சொல்லுறன். என்னை ஒருத்தரும் பிளேனில ஏத்தேலாது."

"அண்ணை, அது சரிவராது. நான் சொல்லுறன்" என்றார் இவர். "என்ர மனிசிய கோட்டில நிப்பாட்டமாட்டன்."

நான் வாயைத் திறந்தேன். "நீர் சும்மா இரும்" என்று இருவரும் ஒரே குரலில். என் பொங்கல், என் நெருப்பு, எனக்குக் கதைக்க இடமில்லை.

பெப்ரவரி 20

நீதிமன்றம். நிலவறைக்குத்தான் தினமும் போகிறேன், இன்று முதல் தடவையாக மேலே.

"யார் மூட்டியது?" என்று நீதவான் கேட்டார். இவர் எழும்பி, "நான்தான் ஐயா" என்றார், தமிழில். மொழிபெயர்க்க வேண்டிய சிவநேசன் அண்ணை எழும்பி, "நான்தான்" என்றார், ஜெர்மனில். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். அது அவர் சொன்னதா, நீங்கள் சொல்வதா என்று கேட்டார். "ரெண்டும்" என்றார் அண்ணை. ஒரு பானைக்கு இரண்டு குற்றவாளிகள்! தட்டச்சு அடித்த பெண் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாக்கோப்பின் மனைவி ஞாபகம் வந்தாள். கால் தானாக எழும்பிவிட்டது. சின்னப் பிள்ளையின் ஜெர்மனில் சொன்னேன்: "நான் மூட்டினேன். என் பெயர் ஜெயகௌரி. எழுதுங்கள்."

வீட்டுக்கு வரும் வழியில் இவர், "விசர் பிடிச்சிட்டுதோ உமக்கு?" என்றார். பிடித்திருக்கலாம். பயம் இப்போதுதான் வருகிறது. இவரையும் சேர்த்து அனுப்பிவிட்டால்? ஏனடி எழும்பினாய்?

பெப்ரவரி 27

கடிதம் இல்லை. நித்திரையும் இல்லை.

மார்ச் 12

வந்துவிட்டது. என் பெயருக்கு இல்லை. "குடும்பத் தலைவர் திரு. தயாபரன் அவர்களுக்கு." அபராதம் இல்லை, எச்சரிக்கை மட்டும்: தங்கள் மனைவி இனி முற்றத்தில் நெருப்பு மூட்டாதபடி தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவர் அதை மூன்று தரம் வாசித்தார், புது உத்தியோகம் கிடைத்தவர் மாதிரி. "தப்பிட்டீரப்பா! உம்மட பேரே இதில இல்லை." கடவுளே, எவ்வளவு நிம்மதி. தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது கோபம் வந்தது.

மார்ச் 13

ஃபிராவ் ஹுன்சிக்கரிடம் சொன்னேன். இங்கே சட்டப்படி இன்னும் புருஷன்தான் தலைவராம். மாற்றச் சொல்லிச் சனங்கள் வாக்களித்துவிட்டார்களாம், நடைமுறைக்கு வரவில்லையாம். "நூறு வருடமாக இதைத்தான் தூசி தட்டுகிறேன்" என்றார். அவருக்கு அறுபதுதான்.

டிசம்பர் 4

பெர்னிலிருந்து நேற்றுப் பதில்: நாங்கள் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம். குற்றம் எதுவும் பதிவில் இல்லை.

இன்று, இந்த வருடம் முடிந்த வழக்குகளை நிலவறைக்கு இறக்கினோம். எங்களுடையதும் வந்தது, மிக மெலிசு. தட்டச்சு அடித்த பெண் என் பெயரை எங்கேயாவது போட்டிருப்பாளோ என்று ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். "திரு. தயாபரனின் மனைவி." எல்லா இடத்திலும் அதேதான்.

ஃபிராவ் ஹுன்சிக்கர் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தேநீர் போடப் போகிறேன் என்று சொல்லி, கெதியாக மேலே போனார். தேநீர் நேரத்துக்கு இன்னும் நிறைய இருந்தது.

பென்சிலை எடுத்தேன். "மனைவி"க்கு மேலே, தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: மூட்டியது ஜெயகௌரி.

வழக்குக் கட்டை இறுக்கி முடிந்து, யாக்கோப்பின் மனைவி இருக்கும் தட்டில் வைத்தேன்.