யாழினியின் சீட்டைத் திருப்பிவிட்டோம்

அன்புள்ள கவிதா அக்கா,

நாம் சந்தித்ததே இல்லை. டெங்கிக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோது உங்கள் மகள் யாழினி கைக்குழந்தை. அவளுக்கு இரண்டு வயது முடிந்த பிறகு நான் முரளியைக் கட்டிக்கொண்டு கிள்ளானில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களை அக்கா என்று கூப்பிடலாமா? வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, காரில் யாழினி உட்காரும் குழந்தை சீட்டை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டோம்.

மற்றவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. உங்களுக்குத் தெரியும். நிறைமாத வயிற்றோடு பின்சீட்டில் மண்டியிட்டு நீங்களே அதை மாட்டினீர்களாம். பிள்ளை சீட்டில் போட்டிருக்கும் அளவை மீறி வளரும்வரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று முரளியிடம் சொல்லிவைத்தீர்களாம்; உங்களைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது அது ஒன்றுதான். அதன்பிறகு அவர் நீங்கள் மாட்டிய பெல்ட்டை அவிழ்க்கவே இல்லை. கார் கழுவும்போதுகூட சீட்டைச் சுற்றித்தான் துடைப்பார்.

நான் வந்தபோதே யாழினியின் கால்கள் காரின் இருக்கை முதுகில் முட்டி மடங்கியிருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் பாவப்பட்டார்கள். முரளியின் அக்கா செல்வி அண்ணிதான் வாய்விட்டுக் கேட்டார்.

"கால் மடங்கிக் கெடக்குது பாரு லா. சொந்தப் பிள்ளையா இருந்தா இப்படி உட்கார வைப்பியா?"

திருப்பி வைத்து ஏதாவது ஆகிவிட்டால் சித்தி செய்தது என்பார்கள். திருப்பாவிட்டாலும் சித்தி செய்வதுதான். கிளினிக் டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"கால் மடங்குறதால ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் அவர். "இந்த வயசுல தலை கனமா இருக்கும், கழுத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. பிரேக் போட்டா அந்த சீட்டோட முதுகு அவளைத் தாங்கிக்கும். சீட்ல போட்டிருக்கிற எடை, உயரம் ரெண்டுல ஒண்ணு வர்ற வரைக்கும் அப்படியே விடுங்க."

நீங்கள் சொன்னதும் அதுதானே, அக்கா? அதன்பிறகு யார் சொன்னாலும் நான் அசையவில்லை.

ஒருநாள் பந்திங் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். செல்வி அண்ணி பின்னால் யாழினிக்குப் பக்கத்தில் இருந்தார். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரி சட்டென்று நின்றது. முரளி பிரேக்கை அழுத்திய வேகத்தில் அண்ணியின் மடியிலிருந்த தாம்பூலப் பை பறந்து முன்கண்ணாடியில் மோதியது. பெல்ட் இழுத்து அண்ணிக்குத் தோள் வலித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். யாழினி சீட்டோடு சாய்ந்தபடி அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னொரு தடவ," என்றாள்.

வீடு வரும்வரை அண்ணி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது என்னிடம், "நீ பாத்துக்கோ, கோமதி," என்று மட்டும் சொன்னார்.

இந்த வருடம் அவள் கிடுகிடுவென்று வளர்ந்தாள். உச்சந்தலை சீட்டின் விளிம்பைத் தொடப் பார்த்தது. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால், சீட்டில் போட்டிருந்த எடையும் வந்துவிட்டது. திருப்பலாம் என்றால் முரளி அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"உங்களுக்கு முடியலைன்னா நானே செய்றேன்."

அவர் பெல்ட்டைப் பார்த்தபடி நின்றார். "அவ கை வச்சது, கோமதி."

நான் காரின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே உள்ளே ஏறிப் பெல்ட்டை அவிழ்த்தார். கையேட்டைப் பார்த்துப் பார்த்து இருவரும் சேர்ந்து சீட்டைத் திருப்பி மாட்டினோம். சீட்டின் மேல்பட்டையைப் பின்னால் இருந்த கொக்கியில் இழுத்துக் கட்டினோம். அவர் பிடித்து உலுக்கினார். நான் உலுக்கினேன். அசையவில்லை.

பிறகு உங்கள் படத்துக்குப் பூ வாங்கப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனோம். வழியெல்லாம் யாழினியின் வாய் ஓயவில்லை. ரயில், பாலம், மோட்டார்சைக்கிள் எல்லாம் இப்போது அவளை நோக்கி வருகின்றன.

"ப்பா, உங்க தலை பின்னால முடியே இல்ல," என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

பூக்கடையில் நான் மல்லிகைச் சரம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஃபோட்டோ அம்மாவுக்கு மல்லி பிடிக்குமா?"

எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்தேன். இத்தனை நாள் உங்களைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அன்று நின்றார்.

"பிடிக்காது. வாசம் பட்டாலே தலைவலின்னு சொல்லுவா. ரோஜாதான் வைப்பா."

நான் இத்தனை நாளும் உங்கள் படத்துக்கு மல்லிகையைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், அவரும் வாய் திறந்து சொன்னதில்லை, அக்கா. அதை நினைத்து நானும் அவரும் பூக்கடை வாசலிலேயே சிரித்துவிட்டோம். கிள்ளான் திரும்பும்வரை யாழினி கேட்டுக்கொண்டே வந்தாள், அவர் சொல்லிக்கொண்டே வந்தார். உங்களுக்குப் புளிப்பு மாங்காய் பிடிக்கும், மழையில் கார் ஓட்டப் பயம், பாட்டுப் பாடினால் சுருதி நிற்காது. நானும் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

இனி உங்களுக்கு ரோஜாதான். அவர் சொல்ல மறந்ததை நான் கேட்டு வாங்கிவைக்கிறேன். யாழினி வளர வளர ஒவ்வொன்றாக அவளிடம் சொல்வேன்.

உங்கள் மகளை என்னோடு சேர்ந்து வளர்க்கும் உங்களுக்கு,
தங்கை கோமதி