இருதயம்மாளும் உப்புக் கேள்வியும்

இராயபுரம்,
12-11-1953

அன்பு மகள் ரோசிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன். கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம்.

தண்ணீரில் போட்ட உப்பு எங்கே போய்விடுகிறது என்று சின்ன வயதில் நீ ஒருநாள் கேட்டாய். எங்கும் போகவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது என்றேன். அதே பாடத்தைத்தான் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் உன் அம்மாவின் காலில் நடத்துகிறார்கள். இருதயம் சோர்ந்துபோனால் சாப்பிடுகிற உப்பு உடம்பிலேயே தங்கித் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கால் வீக்கமும் மூச்சு முட்டலும் அதனால்தானாம். உப்பை நிறுத்தினால் எவ்வளவு குணம் தெரியும் என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பாடத்தை ஏ பிரிவுக்கு ஒரு விதமாகவும் பி பிரிவுக்கு வேறு விதமாகவும் நடத்தி, எது மண்டையில் ஏறுகிறது என்று நான் பார்ப்பேனே, அதைப் போலத்தான். பாதி நோயாளிகளுக்கு மாத்திரை மட்டும், மீதிப் பேருக்கு மாத்திரையோடு உப்பில்லாச் சாப்பாடு. அம்மா இரண்டாவது கூட்டம். இருதயம்மாளுக்கே இருதயத்தில் கோளாறா என்று பெரிய டாக்டர் சிரித்தார். வீட்டில் நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மா கருவாடு வறுக்கும்போது மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

போன வாரம் வந்தது வினை. மைசூரிலிருந்து புதிதாக வந்திருக்கிற சின்ன டாக்டரம்மா, அம்மாவைப் பார்த்து, சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டார். நம் பேட்டையில் அந்தக் கேள்வியை எப்போது கேட்பார்கள் என்று உனக்குத் தெரியாதா, மானம் ரோஷம் இருக்கிறதா என்று ஏசும்போதுதானே! அம்மா பெஞ்சியை விட்டு எழுந்து, "இன்னாம்மா கேட்ட? என்னைப் பாத்தா எப்டி கீது? உப்பு போட்டுத்தான் துன்றேன்! எங்க வூட்ல அல்லாரும் உப்பு போட்டுத்தான் துன்றோம்!" என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி போட்டிருக்கிறாள். பத்தியத்தை மீறுகிறவரை வைத்திருந்தால் ஆராய்ச்சியே தப்பாகிவிடும் என்று அந்தப் பெண் அம்மாவின் பெயரை அடித்துவிட்டார். வெளியே மரத்தடியில் காத்திருந்த என்னிடம் அம்மா வெற்றியோடு வந்து நின்றாள், கையில் மாத்திரை இல்லை. நீயோ, பிரசவத்துக்கு வரலாமா, அம்மாவுக்குப் பாரமாகிவிடுவேனா என்று எழுதியிருந்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெரிய டாக்டரிடம் ஓடி அந்த ஏச்சின் அர்த்தத்தை விளக்கினேன். அவர் அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்தார். முன்பெல்லாம் பிசைந்த மாவில் பதிந்த மாதிரி குழி நிற்கும், இப்போது நிற்கவில்லை. சிறுநீரையும் சோதித்தார்கள், உப்பு மிகவும் குறைவு. பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். சின்ன டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க, "போவட்டும் வுடு கண்ணு, அவ்ளோ கத்தினேனே, மூச்சு முட்டுச்சா பாத்தியா?" என்றாள் அம்மா. பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டார்.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, எல்லாருக்கும் இதே குணம் தெரியுமா என்று பிறகுதான் சொல்வார்களாம். நம் வீட்டைப் பொறுத்தவரை, அம்மா நடுவில் எங்கும் உட்காராமல் கோயிலுக்குப் போய்வருகிறாள். ஆகவே தயங்காமல் வா. ரயிலில் பெட்டியை நீ தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும். மாதா உங்கள் மூவரையும் காப்பாளாக.

இன்றைக்கு ஒரே ஒரு கவளம் சோறு உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார், உன் அம்மாவுக்கு ஏன் அவ்வளவு ரோஷம் வந்தது என்று தெரியும்.

அன்புள்ள அப்பா,
ஞா. சவரிமுத்து