முறுமுறுத்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை, இராத்திரி.

இன்று ஜெபக்கூட்டத்தில் என்னை வேதம் வாசிக்கச் சொன்னார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ‘முறுமுறுத்தார்கள்’ என்பதை எழுத்துக்கூட்டி ‘மொறுமொறுத்தார்கள்’ என்று வாசித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் விடவில்லை.

“வானத்துல இருந்து விழுந்த மன்னாவ முறுக்காச் சுட்டிருப்பாவ போல” என்றேன்.

“ஏட்டி, முறுமுறுக்கதுன்னா மொணங்குறது” என்றாள் என்னோடு பேண்டேஜ் துணி மடிக்கும் எஸ்தர்.

அதற்குமேல் எனக்குக் கேலி வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாளும் மொணங்காமல் சாப்பிட்டதில்லை. பங்குனியில் அவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து என் சமையலைக் குறை சொல்ல ஆளில்லை.

இன்று ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அம்புட்டு முறுமுறுத்தும் அந்தச் சனத்தை ஆண்டவர் விட்டுப் போகவில்லையாமே. சோற்றைப் பிசைந்துகொண்டு சத்தமாகவே சொன்னேன்:

“ஆண்டவரே, ரசம் உப்புக் கரிக்குது. இத மனுசி திம்பாளா?”