ரோஷனின் வலது பக்கம்

ராயபுரம்,
22 ஜனவரி 1951

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வேப்பெண்ணெய் குதிரையின் சொறியைத் தீர்க்குமா? இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விலங்கியலில் பட்டம் வாங்கி, இருபத்துமூன்று வருடமாக அதையே பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு ஜட்காக்காரர் கேட்டதற்குத் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர் பெயர் அத்தாவுல்லா. நீங்கள் போன பிறகுதான் அவர் வண்டியில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். குதிரை ரோஷன், பழுப்பு நிறம். மார்கழியிலிருந்து அதன் தோளிலும் வாலடியிலும் முடி கொட்டி, தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது. கண்ட சுவரிலெல்லாம் போய் உரசுகிறது. செதிலைச் சுரண்டி எடுத்துப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எட்டுக் கால் சொறிப்பூச்சி, உயிரோடு நடக்கிறது. அதைப் படம் வரைந்து பாகம் குறிக்க எனக்குத் தெரியும். கொல்லத் தெரியாது.

மார்ச் பதினைந்தாம் தேதி வண்டிக் குதிரைகளுக்குப் பரிசோதனை. சொறி இருந்தால் வண்டியின் லைசென்சுத் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். அத்தாவுல்லா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிளேட்ட புடுங்கிகினாங்கன்னா நான் ஆர்பர்ல மூட்ட தூக்கப் போணும் டீச்சரம்மா. இந்த வயசுல எவன் என்ன சேத்துக்குவான்? ரோஷனத்தான் எவன் வாங்குவான்?" அவருடைய தோஸ்துகள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். புகையிலைத் தண்ணீர் என்கிறார் ஒருவர், மண்ணெண்ணெய் என்கிறார் இன்னொருவர், மீன்பிடிக்கிறவர்கள் சுறா எண்ணெய் என்கிறார்கள். எல்லாரும் நிச்சயமாகச் சொல்கிறார்கள். அதனாலேயே என்னால் ஒருவரையும் நம்ப முடியவில்லை.

நாம் கடைசியாக ஒரே வீட்டில் இருந்து ஒன்பது வருடம் ஆகப்போகிறது. புருஷனுக்கு எழுத இதுவா விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். கால்நடை வைத்தியர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு கார்டு போதும்.

தங்கள்,
செல்லக்கனி


ஓசூர்,
27 ஜனவரி 1951

அன்புள்ள கனி,

டாக்டர் அவர்களுக்கு என்று போட்டிருந்தாய். வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டைத் தவிர, ஒன்பது வருடத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம். அது குதிரைக்காக வந்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

வேப்பெண்ணெய் தீர்க்கும், ஒழுங்காகப் போட்டால். முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டிச் செதிலை ஊறவைத்து உதிர்க்கச் சொல். அழுத்தித் தேய்த்துப் புண்ணாக்கக் கூடாது. வெயிலில் நன்றாகக் காய்ந்ததும், வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் சமமாகக் கலந்து வெதுவெதுப்பாக்கி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகத்தூளைக் கொஞ்சம் குழைத்து, உடம்பு முழுவதும் தடவ வேண்டும். சொறி இல்லாத இடத்திலும் தடவ வேண்டும். வாரம் ஒரு தடவை, குறைந்தது நாலு வாரம். எண்ணெயில் பூச்சி சாகும், முட்டை சாகாது. பொரிந்து வருவதை அடுத்த வாரம் பிடிக்க வேண்டும்.

புகையிலைத் தண்ணீர் வேண்டாம், நக்கிவிட்டால் ஆபத்து. மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும். சுறா எண்ணெய் படகுக்கு நல்லது.

ஏப்ரல் கடைசியில் எனக்கு ஓய்வு. சர்க்கார் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாகர்கோவிலுக்கு வந்துவிடும்படி தங்கை எழுதுகிறாள். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

அன்புடன்,
வேதமாணிக்கம்


ராயபுரம்,
14 பிப்ரவரி 1951

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

ஒரு தப்பு செய்துவிட்டேன். உடம்பு முழுவதும் என்று நீங்கள் எழுதியிருந்தும், இடது பக்கம் மட்டும் தடவச் சொன்னேன்.

இரண்டு பக்கமும் தடவி ஆறினால், ஆற்றியது எண்ணெயா, வெயிலா, தானாகவே ஆறியதா என்று எப்படித் தெரியும்? வலது பக்கத்தைச் சும்மா விட்டுவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் முறை அதுதான்.

அத்தாவுல்லாவுக்குச் சம்மதமில்லை. "ஒரு பக்கம் விருந்து, ஒரு பக்கம் பட்டினியா? வாயில்லாத ஜீவன் இன்னாம்மா நெனச்சிக்கும்?" என்றார். பிறகு, "படிச்சவங்க சொல்றீங்க, செரி" என்றார். அவர் மனைவி அஜீசாவுக்கு வேறு குறை. எண்ணெய் காய்ச்சிய சட்டியைத் தூக்கிக் காட்டி, "இதுல இனிமே கொழம்பு வெச்சா உங்க குதிரதான் துன்னணும்" என்று அவரை வாசலில் நிற்கவைத்துப் பேசினாள்.

முதல் பத்து நாள் இடது பக்கம் நன்றாகத்தான் இருந்தது. செதில் உதிர்ந்தது, அரிப்பு குறைந்தது. நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில் புதிதாக நாலைந்து இடத்தில் தடிப்பு. வலது பக்கம் கழுத்துவரை ஏறிவிட்டது.

அத்தாவுல்லா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. இன்று பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, "அந்தப் பக்கத்துக்கும் தடவலாமா டீச்சரம்மா?" என்று கேட்டார். அவருடைய குதிரைக்கு என்னிடம் உத்தரவு கேட்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது. போதுமா? என் முன்கையிலும் அரிக்கிறது. பூச்சியா, மனசா, சொல்ல முடியவில்லை.

தங்கள்,
செல்லக்கனி


ஓசூர்,
18 பிப்ரவரி 1951

அன்புள்ள கனி,

நீ நடுவில் போட்ட கோடு பூச்சிக்குத் தெரியாது. முதுகைத் தாண்டி வர அதற்கு அதிக நேரம் ஆகாது. பாதிக் குதிரைக்கு வைத்தியம் கிடையாது.

இந்தக் கடிதம் கிடைக்கும் அன்றே முழு உடம்புக்கும் தடவச் சொல். சேணத்துக்கு அடியில் போடும் துணி, தேய்க்கும் பிரஷ் எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். வண்டியில் பூட்டும்போது குதிரையின் தோளில் படியும் மெத்தைக்குள் இருக்கும் வைக்கோலை எரித்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். அது உரசுகிற சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். பதினைந்தாம் தேதிக்குள் நாலு தடவை தடவலாம். போதும் என்று நினைக்கிறேன். உத்தரவாதம் தர மாட்டேன். தந்தாலும் நீ நம்பப் போவதில்லை. உன் கைக்கும் அதே எண்ணெய்தான்.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே காலியானபோது எனக்கு இங்கே மாற்றலாயிற்று. வா என்றேன். பள்ளிக்கூடம் என்ன ஆகிறது என்று தெரியட்டும், பார்க்கலாம் என்றாய். காலி செய்தவர்களெல்லாம் ஒரே வருடத்தில் திரும்பி வந்தார்கள். நான் திரும்பவும் இல்லை, மறுபடி உன்னைக் கூப்பிடவும் இல்லை. அது என் வீம்பு. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். மே மாதம் நான் ராயபுரத்துக்கு வரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, நாகர்கோவிலுக்குப் போகிறேன். பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
வேதமாணிக்கம்


ராயபுரம்,
14 மார்ச் 1951, மாலை

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றோடு நாலு தடவை தடவியாயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மெத்தையை அஜீசாவே பிரித்து, புது வைக்கோல் அடைத்துத் தைத்தாள். சட்டியை என்னிடமே கொடுத்துவிட்டாள். என் கை அரிப்பு நின்றுவிட்டது. ரோஷன் சுவரில் உரசுவதில்லை. இடது பக்கம் பூனைமுடி போல முளைத்திருக்கிறது. வலது பக்கம் வாலடியில் உள்ளங்கை அகலம் இன்னும் மொட்டையாக இருக்கிறது. காலையில் அந்த இடத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பூச்சி தென்படவில்லை. ஒரு கண்ணாடி ஸ்லைடில் தென்படவில்லை என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. நாளை எட்டு மணிக்குத் தண்டையார்பேட்டையில் பரிசோதனை. நானும் போகிறேன்.

மே மாதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாளை முடியட்டும், பார்க்கலாம்.

15 மார்ச், வியாழன்

இன்று நடந்தது இது.

முப்பது வண்டிக்கு மேல் வரிசையில் நின்றன. பரிசோதிக்க வந்தவர் சின்ன வயதுக்காரர். ரோஷனின் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். நான் மூச்சை விட்டேன். அத்தாவுல்லா அவரைப் போகவிடவில்லை. குதிரையைத் தானே திருப்பி நிறுத்தி, "இந்தப் பக்கமும் பாருங்க சார். பின்னாடி வந்து பேஜாரு பண்ணாதீங்க" என்றார்.

அவர் பார்த்தார். மொட்டை இடத்தைச் சுரண்டி, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். என்ன போட்டாய் என்று கேட்டார்.

"வேப்பெண்ண, புங்கெண்ண, கந்தகம். டீச்சரம்மா வூட்டுக்காரரு டாக்டரு. அவுரு எழுதி அனுப்சாரு."

நான் எதையும் திருத்தவில்லை.

உயிருள்ள பூச்சி இல்லை என்றார். முடி முளைக்கிறதா என்று பார்க்கப் பதினைந்து நாள் கழித்துக் கூட்டி வரச் சொன்னார். தகடு வண்டியிலேயே இருக்கிறது. திரும்பி வரும்போது, என்னிடம் சொல்லாமல் ஏன் குதிரையைத் திருப்பினீர்கள் என்று அத்தாவுல்லாவைக் கேட்டேன். "உங்கள கேட்டா யோசிப்பீங்க" என்றார்.

பூச்சியைக் கொன்றது எண்ணெயா, கந்தகமா, கொதித்த தண்ணீரா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

மேலே, மே மாதம் பற்றி நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன். நீங்கள் படிக்கும்படியாகவே அடித்திருக்கிறேன். ரோஷனுக்குத்தான் பதினைந்து நாள் தவணை. நீங்கள் வாருங்கள். எந்த ரயில் என்று எழுதினால் சென்ட்ரலுக்கு அத்தாவுல்லா வண்டி வரும்.

மத்தியானம் முன்னறையிலிருந்த பரீட்சைத்தாள் கட்டுகளை எடுத்து வேறிடத்தில் வைத்தேன். கட்டிலடியில் நீங்கள் விட்டுப்போன பூட்ஸ் கிடந்தது. பூஞ்சை பிடித்திருந்தது. சட்டியில் மிச்சமிருந்த எண்ணெயைத் தடவி வெயிலில் வைத்தேன். பூஞ்சை போகுமா என்று தெரியாது. இரண்டுக்கும் தடவினேன்.

கனி