அன்னக்கூடையில் ஒரு ஏரி

ஆவடி,
15-10-1973

அன்பு மகள் நாகவல்லிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும்.

மண்ணூர்பேட்டையிலிருந்து உனக்குக் கடிதம் வருமுன், நேற்று என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். உன் மாமனாரும் மாமியாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். நான் லுங்கியை மடித்துக் கட்டி, பின்கட்டில் குந்திக்கொண்டு, அலுமினிய அன்னக்கூடைத் தண்ணீரில் அலை வரட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் உன் சின்ன வயதுப் பிளாஸ்டிக் கட்டைகள். "இன்னா சம்பந்தி, சொப்பு வெச்சி வெளாடிகினு கீறீங்களா?" என்றார் உன் மாமனார். எனக்கோ ஐம்பத்து நாலு வயது. பாக்டரி டாங்கி மாடல் என்று சொல்லிப் பார்த்தேன். அதில் சிவப்புக் கட்டைத் தக்காளி காய்த்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

எல்லாம் நீ எழுதியதால் வந்தது. ஸ்ரீநகர் ஏரியில் கோரையும் பாசியும் பின்னி, மேலே சேறு பரப்பி, காய்கறித் தோட்டமே மிதக்கிறது என்றாய். கம்பு நட்டுக் கட்டாவிட்டால் திருடன் தோட்டத்தையே இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்றாய். இங்கே குவார்ட்டர்ஸில் வாளிதான் காணாமல் போகும். நாலு தடவை படித்தும் எனக்குக் கண்ணில் நிற்கவில்லை. நீ தினமும் பார்ப்பதை நானும் பார்க்கலாமே என்று பரணிலிருந்து உன் கட்டைப் பெட்டியை இறக்கினேன்.

முதல் தோட்டம் போட்டவுடன் முழுகிவிட்டது. எட்டு வருடமாக டாங்கிக்குத் தகடு மாட்டுகிற கை. அசையக்கூடாது என்று அடுக்கின்மேல் அடுக்காக இறுக்கி, இடுக்கில் களிமண்ணும் அடைத்துவிட்டேன். மறுநாள் ஷிப்டு முடிந்து ஆவடி ஏரிக்கரையில் ஆகாயத்தாமரை பறித்து வந்தேன். அதன் தண்டு உள்ளே பஞ்சு மாதிரி. அதைக் கீழே பின்னி, மேலே ஒரே வரிசைக் கட்டை வைத்தேன். மிதந்தது அம்மா! கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை, நானே கைதட்டிக்கொண்டேன். கரையில் ஒரு வெள்ளைக் கட்டை, அது உன் வீடு. உள்ளே வைக்கப் பெட்டியில் பொம்மை இல்லை.

உன் மாமியார் அந்த வெள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். "தலப்பிரசவம் தாய் ஊட்லதான் வழக்கம். இந்த ஊட்ல தாய் இல்லியேண்ணே. பொம்ம வெச்சி வெளாடுற ஆம்பள, பச்சொடம்புக்காரிய எப்டி பாத்துப்பீங்க? தையில நேரா மண்ணூர்பேட்டைக்கே வரட்டும்" என்றார். நான் சிரித்தேன். உங்கள் இஷ்டம் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. அடுத்த வீட்டுத் தாயம்மாள், ஆஸ்பத்திரி ஆயா, ராத்திரி உன்னோடு படுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். பத்தியத்துக்குப் பூண்டுக் குழம்பு வைத்துப் பழகினேன். முதல் இரண்டைக் கொட்டினேன், மூன்றாவதைச் சாப்பிட்டேன். இத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. அவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

எங்கே பெற்றாலும் நீ நல்லபடியாகப் பெற்றெழவேண்டும். அம்மா படத்துக்கு முன்னால் தினமும் அதைத்தான் கேட்கிறேன். இங்கே வர உனக்கு மனமிருந்தால் மட்டும், மாப்பிள்ளையை அவர்களுக்கு ஒரு வரி எழுதச் சொல். அவர்களிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: தாய் இல்லாவிட்டாலும் அவளுக்குத் தாய் வீடு இதுதான், சம்பந்தி.

அப்பா